கண்ணாடி விழுந்த பக்கம்

கண்ணாடி முழுக்க வெளியே கிடந்தது.

தெருவிலிருந்து எவனோ கல்லெறிந்து ஜன்னலை உடைத்துவிட்டான் என்று போனில் சொல்லித்தான் வீட்டுக்காரர் என்னை அவசரமாக வரவழைத்திருந்தார். கல் வெளியிலிருந்து வந்திருந்தால் கண்ணாடி அறைக்குள் அல்லவா கொட்டியிருக்க வேண்டும்? இங்கே செடிகளுக்கு நடுவே சில்லுசில்லாகக் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கல்லையும் காணோம்.

உடைந்த ஜன்னல், கதவுகளை உடனே போய்ப் பலகை வைத்து அடைப்பது என் தொழில். எதையும் லேசில் நம்பமாட்டேன் என்பதால் கூட வேலை செய்பவர்கள் எனக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். பால் பொங்கினால்கூட யார் பொங்க வைத்தது என்று விசாரிக்கிற ஆள் என்பாள் என் மனைவி.

சும்மா வந்ததில்லை இந்தப் புத்தி. போன வருடம் நான் அடைத்துக் கொடுத்த ஒரு கடையில் மறுவாரமே திருட்டு. பலகை எப்படிக் கழன்றது என்று கேட்டு போலீஸ் என்னை மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது. பிறகுதான் தெரிந்தது, கடைக்குள் வேலை பார்த்தவனே உள்ளேயிருந்து கழற்றிவிட்டிருக்கிறான். இன்னொரு முறை அந்தப் பெஞ்சில் உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

இந்த வீட்டில் மற்ற ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி இருந்தது. ஆள் உயரத்துக்கு இருந்த இது ஒன்றுதான் வெறும் கண்ணாடி.

எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. பலகை வெளியே, அதைப் பிடித்துக்கொள்ளும் கட்டைகள் உள்ளே. இரண்டையும் துளைத்துக்கொண்டு நீளமான போல்ட். அதன் மொழுமொழுத் தலை வெளிப்பக்கம் இருக்கும். எந்தத் திருடனாலும் பிடித்துத் திருக முடியாது. நட்டு உள்பக்கம்.

வீட்டுக்காரர் வெளியே நின்று பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். வந்ததும் தண்ணீர் கொடுத்தார். வண்டியிலிருந்து பலகையைத் தானே தூக்கி வந்தார். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

உள்ளே நானும் அவர் மனைவியும்.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. நின்ற இடத்தைவிட்டு நகராமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையில் முழங்கைவரை துணி சுற்றியிருந்தது. கண்ணாடியை உடைத்தது யார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது நட்டை முறுக்கும்போது பக்கத்தில் வந்தாள். குரலே எழும்பாமல் கேட்டாள்.

"அண்ணா, இதை எந்தப் பக்கம் திருப்பினா கழலும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்கு என்பதும் இப்போது புரிந்துவிட்டது. வெளியே எவனோ காத்திருக்கிறான். இவள் உள்ளேயிருந்து திறந்துவிடப் போகிறாள். இரண்டு பேரும் வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். பலகை அடித்தவன் எங்கே என்று போலீஸ் என் வீட்டுக் கதவைத் தட்டும்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றேன்.

அவள் பார்வை என் கையிலிருந்த ஸ்பேனருக்குப் போனது.

கடைசி நட்டையும் முறுக்கிவிட்டு, தரையில் கொட்டியிருந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினேன். நிமிர்ந்தால் ஜன்னல் விளிம்பில் வைத்த ஸ்பேனரைக் காணோம். அவளையும் காணோம்.

நான் சத்தம் போடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். புருஷனிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பாவம் அந்த மனிதர், யாரோடு குடித்தனம் நடத்துகிறோம் என்றே தெரியாமல் இருக்கிறார்.

நான் வாசலைத் தாண்டியதும் அவர் கதவைச் சாத்தினார். மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. இரண்டையும் இழுத்துப் பார்த்தார். சாவிகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் சொல்ல வந்ததிலேயே குறியாக இருந்தேன்.

"சார், உங்க வீட்டுக்காரம்மா..."

"அது இருக்கட்டும். உங்க பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்றார், சிரித்த முகமாகவே.

எனக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருடத் தொழிலில் ஒரு வீட்டிலிருந்து ஒரு குண்டூசி எடுத்தவனில்லை நான். வீம்புக்குப் பையை அவர் காலடியிலேயே கவிழ்த்தேன். அவர் வீட்டுப் பொருள் ஒன்றாவது இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். டிரில். சுத்தியல். ரம்பம். உளி.

எல்லாம் என்னுடையவை. அவர் தேடியது வீட்டிலிருந்து வெளியே வந்த பொருளை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நட்டு முறுக்கினீங்களே, அந்த ஸ்பேனர் எங்க?"

என் கண் அந்த இரண்டு பூட்டுகள்மேல் போனது. ஒரு நிமிஷம் முன்னால் கேட்டிருந்தால் நானே வாயைத் திறந்து சொல்லியிருப்பேன். கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் அங்கேதான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சத்தியம் செய்வேன்.

"அப்பவே வண்டில போட்டுட்டேன் சார்."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பொருள்களைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தேன். பிறகு, கொஞ்சம் காது மந்தமானவனைப்போல, அந்த இரண்டு பூட்டுகளுக்கும் அப்பால் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"கவலையே படாதீங்க சார். எல்லா நட்டையும் வலது பக்கமாத் திருப்பி நல்லா இறுக்கியிருக்கேன். வலது பக்கமா!"