இன்னொரு டேக்

"கேமராவப் பாக்காத இசக்கி. நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்க."

"நீங்க இல்லேன்னா நான் யாருகிட்டக்கா பேசுவேன்?"

கவிப்பிரியா சிரித்தாள். கூத்துக் கலைஞர்கள், ஓவியர்கள் என்று டிவிக்கு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தவள், இந்த முறை தேர்ந்தெடுத்தது ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்யும் இசக்கிசெல்வியின் அன்றாடத்தை.

இசக்கி நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பியிருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அறைத்தோழிகள் எல்லோரும் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார்கள்.

"தனியா இருக்கறது கஷ்டமா இல்லியா?"

நேற்றும் இதே கேள்விதான். நேற்று வெளிச்சம் சரியில்லை. முந்தாநாள் லாரிச் சத்தம்.

"கஷ்டந்தான்க்கா. லீவு நாள்ல எல்லாவளும் வெளிய போயிருவாளுவ. யாராவது கூப்பிட மாட்டாவளான்னு போனையே பாத்துக்கிட்டு கெடப்பேன்."

கவிப்பிரியா அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இசக்கி. தண்டலத்துல ஃபிளாட். பால்காரர்கூட கதவுல மாட்டின பையில பாக்கெட்டப் போட்டுட்டுப் போயிடறாரு. சில நாள், லிஃப்ட்ல மாடி நம்பர் சொல்ற குரல் மட்டும்தான் காதுல விழும்."

பேசிக்கொண்டே போனாள். இசக்கிக்குக் கண் எரிந்தது. கொட்டாவியை விழுங்கிவிட்டு 'உம்' கொட்டினாள்.

சட்டென்று கவிப்பிரியா நிறுத்தினாள். "அய்யோ, நானே பேசிட்டேன் பாரு! நீ பேசினது சரியா பதிவாகல. நாளைக்கு இன்னொரு டேக் போலாமா?"

"வாங்கக்கா. பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே வந்துருதேன்."

கவிப்பிரியாவின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும், விடுதியில் சமைக்கும் ஜோதி டீயோடு வந்தாள்.

"இன்னாமே, தூக்கமில்லாம கண்ணு இப்டி செவந்து கீது? உன் படம்தான் போன ஞாயித்துக்கெழமயே டிவில வந்துட்ச்சே! கீழ ஹால்ல எல்லாருமா குந்திகினு பாத்தோமே! இன்னும் இன்னாத்த எடுத்துகினு கீது அது?"

"மெதுவாப் பேசுங்கக்கா" என்று பதறிப்போய் வாசலைப் பார்த்த இசக்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அந்தக்கா நாளைக்கு வர மாட்டாவ."