இரவல் ஒப்பாரி

இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளை வேட்டி போர்த்தியிருக்கிறார்கள். அதுதான் துபாயிலிருந்து வந்திருக்கும் சவப்பெட்டி. தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா நாடக ஒத்திகையில் பெனிட்டாதான் செத்துப்போனவனின் பெண்டாட்டி. ஜன்னல் வழியே கடற்கரை வெயில் வேட்டிமேல் விழுந்து கண் கூசுகிறது. "வசனத்த ஒப்பிக்காதடி, அழு!" என்று டீச்சர் மேசையைத் தட்டுகிறார். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பெனிட்டா சட்டென்று முட்டிபோட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு, நாடகத்தில் இல்லாத ஒன்றைக் கத்துகிறாள்: "தொறக்காதீங்க! தொறக்காத வரைக்கும் அது அவரு இல்ல!" பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள். "யாருடி சொல்லிக் குடுத்தா?" டீச்சரின் குரல் இறங்கியிருக்கிறது. "நானாத்தான் யோசிச்சேன் டீச்சர்." சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் டீத் தம்ளர்கள் வைத்த தட்டோடு சத்துணவு சமைக்கும் குணவதி அக்கா நிற்கிறாள். போன தை மாதம் பெனிட்டாவின் பக்கத்து வீட்டில், தன் வாசலில் இறக்கிய புருஷனின் நிஜப் பெட்டியை இப்படித்தான் கட்டிக்கொண்டு, இதையேதான் அவள் கத்தினாள். பெனிட்டா மதில்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தாள். இப்போது காது சுடுகிறது. வேட்டியைப் பிடித்திருக்கும் கையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. அக்கா மெல்ல நடந்து வந்து ஒரு தம்ளரை நீட்டுகிறாள். "இவ்ளோ கத்துனியே, தொண்ட வலிக்கும். குடி பாப்பா." பெனிட்டாவுக்கு உதடு கோணி, பொலபொலவென்று கண்ணீர் கொட்டுகிறது. "இதான்!" என்று துள்ளுகிறார் டீச்சர். "இந்த அழுகையத்தான்டி கேட்டேன்!"