ஒன்பதாவது கல், கடைசி வரி

"பேர் இல்லக்கா," என்றேன், பதிவேட்டை மூடிக்கொண்டே.

கண்டக்டர் உடுப்பிலேயே வந்திருந்தார் அந்த அக்கா. தோளில் தோல்பை. அடுத்த நடைக்கு அரைமணி நேரம்தான் இருக்கிறது என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

"நல்லாப் பாரும்மா. மூணு வருஷம் சண்டையில இருந்தான் என் தம்பி."

"எங்க செத்தாரு?"

இப்படிக் கேட்கக்கூடாது. 'வீரமரணம் எய்திய இடம்' என்று கேட்கச் சொல்லித்தான் பயிற்சி. போரில் இறந்தவர்களின் நினைவிடத்தில் ஞாயிறுதோறும் சம்பளமில்லாத வழிகாட்டி நான். காலையிலிருந்து நின்று குதிகால் தெறித்தது. தியாகம் என்ற சொல்லை நாற்பது தடவை சொல்லியாயிற்று. கழிவறை எந்தப் பக்கம் என்பதை அதைவிட அதிகமாக.

"வீட்லதான். திரும்பி வந்து பதினோரு மாசம் இருந்தான். தூக்கமே கிடையாது. அப்புறம்... அவனாவே போயிட்டான்."

சுவர்க் கல்லில் பெயர் ஏற வேண்டுமென்றால் களத்தில் சாக வேண்டும். அது விதி. களத்தை வீடுவரை தூக்கிக்கொண்டு வந்து செத்தவனுக்குக் கல் கிடையாது. விதியை எழுதியவன் அப்படி ஒருவனோடு ஒரே கூரைக்குக் கீழே ஒரு ராத்திரிகூடப் படுத்திருக்க மாட்டான்.

மனுக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். மனுக்கள் எந்த அலமாரியில் தூங்குகின்றன என்பது எனக்குத் தெரியும்.

அக்கா நகரவில்லை. சுற்றிலும் ஆட்கள் கல்லில் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துத் தங்கள் ஆளின் பெயரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் பொண்ணு நாலாவது படிக்குது. எங்கப்பா பேரு கல்லுல இருக்குன்னு கிளாஸ் பூரா சொல்லிட்டு வந்திருக்கு. நாளைக்குக் கொண்டுபோய்க் காட்டணுமாம்."

பெயரை மறுபடி கேட்டேன். நான்கு எழுத்து.

பையிலிருந்து அட்டையை எடுத்தேன். பழைய காலண்டர் அட்டை. நடுவில் ஓர் எழுத்து அளவுக்கு ஜன்னல் வெட்டியது. ஓரமெல்லாம் நைந்துவிட்டது.

இரண்டாவது கல்லில் யாரோ ஒரு சிப்பாயின் பெயர்மீது தாளை வைத்தேன். தாள்மேல் அட்டை. ஜன்னலுக்குள் மட்டும் பென்சிலைத் தேய்த்தேன். முதலெழுத்து வந்தது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "டிக்கெட் இல்லாம ஏத்துறியாம்மா?" என்றார் மெதுவாக.

"செக்கிங் வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்."

அடுத்த எழுத்து 'ழி'. இரண்டாயிரம் பெயர் இருக்கிற சுவரில் ஒரே ஒருவரிடம்தான் அது இருக்கிறது. ஒன்பதாவது கல், கடைசி வரி. நேராகப் போய் மண்டி போட்டேன்.

"தேடாமலே வந்து உக்காருற. இதுல உன் ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா."

பொய் இல்லை.

மிச்ச இரண்டையும் ஒரு காப்டனிடமும் ஒரு சமையல்காரரிடமும் வாங்கினேன். அக்கா தாளை உதடு அசைய வாசித்தார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. சுருட்டித் தோல்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நன்றி சொல்லவில்லை. நல்லவேளை.

எங்கள் வீட்டிலும் ஒரு தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அப்பாவின் பெயர். ஐந்து எழுத்து, கடைசியில் 'ழி'. அதைச் சேர்க்க எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதைக் காட்டி, "கல்லுல வெட்டியிருக்காங்க" என்பாள்.

அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. முதல் நாளே எவன் பெயரையாவது தேய்த்துக் கொடுத்திருந்தாலும் மாட்டியிருப்பாள்.