முதல் கட்டை

மேடையில் ஜெபசிங்கின் கீபோர்டு ஒளிர்ந்ததும், ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மெர்லினின் போன் ப்ளூடூத்தில் அதைக் கண்டுகொண்டது. அவனுடைய இசைக்குழுவில் இருந்தபோது அதற்கு அவள் வைத்த கடவுச்சொல்லை அவன் இன்னும் மாற்றவில்லை. அவளை மட்டும் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, அவள் போட்ட மெட்டைத் தன் பெயரில் வெளியிட்டிருந்தான். இன்று அதற்குத்தான் விருது.

"இந்த மெட்டு எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள் தொகுப்பாளினி.

"ஒரு மழை நாள்ல, தானா வந்துச்சு," என்றான் ஜெபசிங்.

மெர்லின் போனில் அந்தக் கடவுச்சொல்லை அடித்தாள். தன்னிடமிருந்த பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கீபோர்டுக்குள் அனுப்பினாள். மெட்டை வாசிக்க அவன் முதல் கட்டையை அழுத்தியதும் ஸ்பீக்கர்களில் அவள் குரல் வந்தது. "ஜெபா, நேத்து ஒரு மெட்டுப் போட்டேன், கேக்குறியா?" தொடர்ந்து அவள் முணுமுணுத்த அதே மெட்டு. அவன் கையை எடுத்தும் அது நிற்கவில்லை. முடிவில் அவன் குரலே அரங்கை நிறைத்தது.

"ரொம்ப நல்லாருக்கு மெர்லின். வேற யாருகிட்டயும் பாடிக் காட்டிராத."

ஜெபசிங்கின் கண்கள் இருட்டில் வரிசை வரிசையாகத் தேடின. அவன் சிரமப்பட வேண்டாமென்று மெர்லின் எழுந்து நின்றாள்.