ஒரே ஒரு ஓட்டு

"ஒரே ஒரு ஓட்டுல தோத்துட்டேன் தங்கம். அதுவும் யார்கிட்ட? பூக்கடை அந்தோனியம்மாகிட்ட."

சிங்கப்பூர் தேக்கா கடைக்காரர் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடம் தலைவராக இருந்த பரமசிவம், ஈசூன் வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம் வெடித்தார்.

"அவ சங்கத்துல சேர்ந்தே ஆறு மாசம்தான் ஆவுது. அந்த திலீப்புக்குக் கடை பிடிச்சுக் கொடுத்ததே நான். அவனைக் கேக்கிறேன் இரு."

போனை ஸ்பீக்கரில் போட்டார். மளிகைக்கடை திலீப் மென்று விழுங்கினான்.

"சாரி அண்ணே. நீங்க எப்படியும் ஜெயிச்சிடுவீங்கன்னு நினைச்சேன் லா. அந்தக்கா கடைக்கே வந்து, 'நான் ஜெயிக்க வேணாம் தம்பி, முட்டை வாங்கி அசிங்கப்படாம இருக்க உன் ஒரு ஓட்டு போதும்'னாங்க. பாவமா இருந்துச்சு."

அடுத்து நகைக்கடை ரோஷினி, அதற்கடுத்து துணிக்கடை எட்மண்ட். இருவரும் அதையேதான் சொன்னார்கள்.

பரமசிவம் போனை சோபாவில் வீசினார். "கடை கடையா ஏறி ஒரே பாட்டைப் பாடியிருக்கா. இவங்களும் நம்பிக் குத்தியிருக்காங்க. கொஞ்சமாவது புத்தி வேணாம்?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம கடைக்கும் வந்தாளா?"

"வந்தா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

பரமசிவம் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு."