ஆடாத உருளை

மலைமேல் இருந்த நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் ஓர் இரும்புக் குண்டும் ஓர் உருளையும் எதிரெதிரே இருந்தன. குண்டு மெல்லிய கம்பியில் தொங்கியது. அதன் நுனியில் ஒரு பேனா. உருளையைத் தாங்கும் சட்டத்தை நாலு போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கியிருந்தார்கள். மேலே தாளைச் சுற்றிக்கொண்டு உருளை மெதுவாகச் சுழல, பேனா நாளெல்லாம் நேர்கோடு போடும்.

"ஆளுன்னா என்னை மாதிரி ஊன்றி நிக்கணும் அண்ணே. தொங்கிக்கிட்டு இருந்தா யாரு மதிப்பாங்க?" என்று உருளை தினமும் குண்டைச் சீண்டும்.

ஒருநாள் காலை, பூமிக்கடியில் வெகுகாலமாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பாறைகள் சட்டென்று வழுக்கின. தாளில் முதலில் சின்னச் சின்ன நெளிவுகள், பிறகு பெரிய பெரிய கிறுக்கல்கள்.

"என்ன அண்ணே, காலையிலேயே ஏத்திக்கிட்டீங்களா? தாளைப் பாழாக்கிட்டீங்களே!" என்று உருளை கத்தியது.

"நான் இருந்த இடத்துலயேதான் இருந்தேன் தம்பி. தொங்குறவனுக்குத் தரையோட உலுக்கல் வந்து சேராது. ஆடினது நீதான்."

"நானா? நாலு போல்ட் போட்டு நிக்கிறவனைப் பாத்தா சொல்றீங்க?"

அதற்குள் ஆய்வாளர் பிரிசில்லா ஓடிவந்து தாளைப் பார்த்தார். சின்ன அலை வந்து இருபது நொடி கழித்துப் பெரிய அலை வந்திருந்தது. கணக்குப் போட்டுவிட்டு போனை எடுத்தார்.

"சார், சுமார் நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளி நிலநடுக்கம். இங்கே தரை நல்லாவே ஆடியிருக்கு."

உருளை நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

"தரையே ஆடிச்சாம் அண்ணே! நல்லவேளை, என்னை அதோட சேத்து இறுக்கி வச்சிருந்தாங்க. இல்லேன்னா நானும் ஆடியிருப்பேன்."