பட்டியலில் பதினைந்தாவது

பதினான்காவது வரிக்குக் கீழே அவள் தன் கையால் இன்னொரு வரி எழுதிச் சேர்த்தாள்.

யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பொன்னாடையில் மும்முரமாக இருந்தார்கள்.

அவள் இடத்துக்கு வந்திருக்கும் புதிய முதன்மைக் கல்வி அலுவலர் சிதம்பரநாதன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். தோளில் ஒன்பது பொன்னாடை. மார்ச் மாத வெயிலில் ஊட்டிக்குக் கிளம்பியவர் போல் இருந்தார். தலைமையாசிரியர்கள் சங்கம் வாரியாக வரிசையில் நின்றார்கள்.

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் இதே வரிசை அவளுக்காக நின்றது.

இதே பொன்னாடைகளாகவும் இருக்கலாம். விசாரிக்க நேரமில்லை.

இரண்டு வருடத்தில் இந்த மாவட்டத்துக்கு அவள் ஏழாவது ஆள். சுவரில் பணியாற்றியவர்களின் பெயர்ப் பலகை. கடைசி நான்கு பெயர்கள் சாக்பீஸில் இருந்தன. பெயிண்டர் சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டார்.

மாறுதல் ஆணையில் 'நிர்வாக நலன் கருதி' என்று போட்டிருந்தது.

நிர்வாகத்துக்கு உடம்புக்கு என்ன என்று போடவில்லை.

அவளுக்குத் தெரியும்.

கீழப்பாறைப்பட்டி தொடக்கப்பள்ளியின் நான்காம் வகுப்பறை. கட்டி ஆறு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம் ஒரு மதியம், கூரையிலிருந்து கதவு அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பாளம் பெயர்ந்து பெஞ்சுகளின் மேல் விழுந்தது.

அன்று சத்துணவுக்கூடத்தில் சாம்பார் பத்து நிமிடம் முன்னதாகக் கொதித்துவிட்டது. அதனால் முப்பத்திரண்டு பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள்.

வேறு முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

மறுநாள் அவளே போய் அந்த அறையைப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வகுப்பு வேப்பமரத்தடிக்கு மாறியது. மரத்தடி செய்தித்தாளில் வந்தது. நான்கு பத்தி, கலர் படம்.

கூரை விழுந்தபோது ஒரு வரியும் வரவில்லை. விழுந்த கூரை படத்துக்கு எடுப்பாக இல்லை போலிருக்கிறது.

அந்தக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் இப்போது ஒன்றியத் தலைவர்.

பத்தாவது பொன்னாடை அவருடையது. ஜரிகை அதிகம்.

"மேடம், நல்ல நேரம் பதினொன்னோட முடியுது" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். கைக்கடிகாரத்தை அவளுக்கும் ஒருமுறை காட்டினார்.

அவள் பட்டியலைப் புதியவர் பக்கம் நகர்த்தினாள்.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல். போகிறவர் ஒப்படைக்கும் பொருள்கள், வருகிறவர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. எப்போதோ ஒருமுறை தட்டச்சு செய்தது. ஆள் மாறும்போது பெயரை மட்டும் மாற்றுவார்கள். அதில் ஒரு டைப்ரைட்டர் உண்டு. அந்த டைப்ரைட்டரை இந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒவ்வொருவரும் அதை ஒப்படைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அவளும்தான்.

புதியவர் பொன்னாடைகளுக்கு நடுவே கையை வெளியே எடுத்தார். போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவள் சாவியைப் பட்டியலின் மேல் வைத்தாள்.

ஒன்றியத் தலைவர் சாவியைப் பார்த்துவிட்டார்.

"சார், முதல் வேலையா அந்த ரூமத் திறந்து விட்டுருங்க. பச்சப்புள்ளைக மரத்தடியில கெடக்குதுக. பாக்கவே வயிறு எரியுது சார்."

எந்த வயிறு என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"அதுக்கென்ன தலைவரே, நாளைக்கே திறந்துருவோம்" என்றார் புதியவர்.

நாளைக் காலை முதல் மணிக்கு முப்பத்திரண்டு பேரும் அந்தக் கூரைக்குக் கீழே.

புதியவர் சாவியை எடுத்தார்.

"கையெழுத்துப் போட்டத ஒருதடவ படிச்சிட்டுத் திறங்க சார்" என்றாள் அவள்.

அவர் குனிந்தார். தட்டச்சு எழுத்துகளுக்குக் கீழே நீல மையில் ஒரே ஒரு வரி.

'15. கீழப்பாறைப்பட்டி பள்ளி, நான்காம் வகுப்பறைச் சாவி – ஒன்று. கூரை விழும் நிலையில் உள்ளதால் பூட்டப்பட்டது. இனி திறந்து எது நேர்ந்தாலும் சாவியைப் பெற்றுக்கொண்டவரே பொறுப்பு.'

அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து ஒவ்வொரு பல்லாக இறங்கியது.

போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

"என்ன சார் யோசனை?" ஒன்றியத் தலைவர் கையை நீட்டினார். "சாவிய இங்க குடுங்க. நம்ம பயலுகள விட்டே திறந்துக்கிறேன்."

சிதம்பரநாதன் இருபத்தெட்டு வருடம் இந்தத் துறையில் குப்பை கொட்டியவர். சாவியை இரண்டு கையாலும், மரியாதையாக, அவரிடம் நீட்டினார். கூடவே பட்டியலையும்.

"தாராளமா தலைவரே. வாங்கிக்கிட்டேன்னு என் பேருக்குக் கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

ஒன்றியத் தலைவர் அந்த வரியைப் படித்தார். உதடு அசையப் படித்தார்.

வரிசையில் யாரோ இருமினார்கள்.

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"அடடா, பேனா எடுத்துட்டு வரலையே."

வெள்ளைச் சட்டை. பையில் மூன்று பேனா குத்தியிருந்தது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். தன் பேனாவின் மூடியைக் கழற்றி, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பேருந்து மூன்று மணிக்குத்தான்.